கசியும் காயிலோவர்: பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக மாற்றுவதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் உதவும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ. முந்தைய ஓனர் நான்கு வருடத்துக்கு முன்பு உயரம் மாற்றக்கூடிய காயிலோவர் செட் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) ஒன்றைப் போட்டிருக்கிறார். அதன் பிறகு சுமார் 60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது முன்பக்க இடது ஷாக்கில் ஆயில் கசிகிறது, ஸ்பீட் பிரேக்கரில் 'டொக்' என்று சத்தம் வருகிறது, பின் சீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்தால் டயர் உரசுகிறது. கோவையில் ஒரு பட்டறையில் "பிரித்து சீல் மாற்றிவிடலாம்" என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் "செட்டையே தூக்கிவிட்டுப் புதுசு போடுங்கள்" என்கிறார்கள். மூன்றாவது ஆள் "பேசாமல் கம்பெனி சஸ்பென்ஷனுக்கே திரும்பிவிடுங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, முடிவு எடுக்கும் வரை வண்டியை ஓட்டலாமா?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சத்தம் கசிகிற ஷாக்கிலிருந்துதான் வருகிறதா? அந்த ஷாக் பிரித்துச் சரிசெய்யக்கூடிய வகைதானா? அது நல்ல நிலையில் இருந்தாலும்கூட, இந்த செட் உங்கள் வண்டிக்கும் நீங்கள் ஓட்டும் ரோட்டுக்கும் பொருந்துகிறதா? மூன்று பட்டறைக்காரர்களும் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் மூன்று பதிலும் ஒன்றுக்கொன்று முட்டுகிறது. யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

ஷாக் அப்சார்பர் தயாரிக்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் பல வருடம் இருந்தேன். அதன் பிறகு ரேலி கார்களுக்கும் சாதாரணமாக ரோட்டில் ஓடும் கார்களுக்கும் ஷாக் பிரித்து மாட்டும் வேலைதான். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியது எது, கழற்றிப் பார்த்தால்தான் தெரியும் என்பது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் சத்தம். கசிகிற ஷாக்தான் சத்தம் போடுகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆயில் இழந்த ஷாக் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் கெடுகிறது. வண்டி மிதக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும், வளைவில் ஒரு தரம் கூடுதலாக ஆடி அடங்கும். இரும்பில் இரும்பு இடிக்கிற 'டொக்' வருகிறதென்றால் வேறு எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆளில்லாத ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கரை மெதுவாக ஏறி இறங்குங்கள். சக்கரம் மேட்டில் ஏறும்போது சத்தம் வந்தால் டாப் மவுன்ட் (ஷாக்கின் உச்சியை வண்டி உடலோடு பிடிக்கும் தாங்கி), பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது அடியை வாங்கும் ரப்பர்) பக்கம் பாருங்கள். ஏறி முடித்து சக்கரம் கீழே தொங்கும் கணத்தில் வந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டை இறக்கிக்கொண்டே போயிருந்தால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகிவிடும். மறுபடி எடை ஏறி அது தன் இடத்தில் உட்காரும்போதுதான் அந்த 'டொக்'. இதற்கு ஷாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

சின்னச் சின்னக் கல், பெயர்ந்த தார் இவற்றின் மேல் மெதுவாகப் போகும்போது 'கட கட' என்றால் சக்கரத்தைச் சுற்றியுள்ள இணைப்புப் பாகங்களான ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், இந்த வரிசையில் பாருங்கள். ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் முழுசாகத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் மேலே இருக்கும் பேரிங் இறுகியிருக்கிறது. ரப்பருக்குப் பதிலாக உலோகக் குண்டு வைத்த பில்லோ பால் டாப் மவுன்ட் போட்ட செட்டுகள் உண்டு. ரேஸுக்கு அது நல்லது, நம் ஊர்த் தூசியிலும் மழைச் சேற்றிலும் சீக்கிரம் தேய்ந்து சத்தம் போடும். ஷாக்கின் உச்சியில் இருக்கும் நட் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கப்படாமல் இருந்தாலும் இதே சத்தம்தான். ஷாக் போய்விட்டது என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும் காயிலோவர் வண்டிகளில் கணிசமானவை லிங்க் ராடு, டாப் மவுன்ட், லூசான நட் என்ற இந்த மூன்றில் ஒன்றைச் சரிசெய்ததும் அமைதியாகிவிடும். இதெல்லாம் ஒரு காயிலோவர் செட்டின் விலைக்குப் பக்கத்திலேயே வராத செலவு. அதனால் சத்தத்தை வைத்து மட்டும் புது செட் வாங்க முடிவெடுக்காதீர்கள்.

அடுத்தது கசிவு. இதிலும் இரண்டு வகை உண்டு. பிஸ்டன் ராடு உள்ளே போய் வெளியே வரும்போது சீலை ஈரமாக வைத்திருக்க ஒரு மெல்லிய ஆயில் படலம் கூடவே வந்துதான் தீரும். அதனால் ஷாக்கின் மேல்பகுதியில் மட்டும் லேசாகப் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது கோளாறு இல்லை. துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் பாதி உடம்பு வரைக்கும் ஈரமாகி, கீழே கோடாக வழிந்திருந்தால்தான் சீல் போய்விட்டது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. பில்ஸ்டைன் போன்ற நிறுவனங்கள் சில முன்பக்க ஸ்ட்ரட்களில் (சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் ஷாக்) ஷாக்கைத் தலைகீழாக மாட்டுகின்றன. அதில் வெளியே தெரிவது மெல்லிய ராடு கிடையாது, தடித்த குழாய். அந்தக் குழாய் கிரீஸ் போட்ட புஷ்களில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். சூட்டில் இளகி வெளியே வரும் கிரீஸைப் பார்த்து "ஆயில் லீக்" என்று சொல்லிவிடுவார்கள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் போல ஓடினால் ஆயில், இழுபட்டு ஒட்டினால் கிரீஸ். இந்த அமைப்பில் புஷ் தேய்ந்தாலும் 'டொக்' வரும். அதை, உள்ளே அழுத்தத்தில் கேஸ் அடைத்திருக்கும் பகுதியைத் தொடாமலேயே மாற்ற முடியும்.

வண்டியின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டுப் பார்க்கும் பரிசோதனையை எல்லா இடத்திலும் செய்வார்கள். அதை நான் பெரிதாக நம்புவதில்லை. கையால் அமுக்கினால் வண்டியின் உடல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை ஆடும் ஆட்டத்தை மட்டும்தான் சோதிக்கிறோம். ரோட்டில் ஓடும்போது சக்கரம் தனியாக விநாடிக்கு 10 முதல் 15 தடவை வரை துள்ளும். டயரைத் தரையோடு வைத்திருப்பது அந்தத் துள்ளலை ஷாக் எப்படி அடக்குகிறது என்பதைப் பொறுத்தது, அது கையமுக்கலில் தெரியவே தெரியாது. முழுசாகச் செத்த ஷாக்கை மட்டும்தான் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாதி செத்ததைக் காட்டாது. அதைவிட நல்ல சாட்சி டயர்தான். உள்ளங்கையை டயரின் மேல்பரப்பில் சுற்றிலும் மெதுவாக ஓட்டுங்கள். விட்டுவிட்டு மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் அந்தச் சக்கரம் துள்ளிக்கொண்டுதான் ஓடியிருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வந்தாலும் சரி, ஆயில் நிஜமாகவே வழிகிறதென்றால் அந்த ஷாக்குக்கு ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். இது உறுதி. கசிவு தானாக நிற்காது. இனி அதைப் பிரிக்க முடியுமா என்ற கேள்வி.

ஷாக்கில் முக்கியமாக இரண்டு அமைப்பு. ட்வின் ட்யூபில் குழாய்க்குள் குழாய் இருக்கும், கேஸ் இருந்தாலும் குறைந்த அழுத்தத்தில்தான் இருக்கும். மோனோ ட்யூபில் ஒரே குழாய். அதில் ஆயிலையும் நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைத்திருக்கும். அழுத்தம் 20 முதல் 30 பார் வரை இருக்கும். பெரும்பாலான ட்வின் ட்யூப் ஷாக்குகளின் வாயைத் தொழிற்சாலையிலேயே மடித்து மூடிவிடுவார்கள். அவை பிரிப்பதற்காகச் செய்யப்பட்டவை கிடையாது. நல்ல மோனோ ட்யூப் காயிலோவர்களில் பலவற்றில் சீல் இருக்கும் தலைப்பகுதி மரையாலோ வளையத்தாலோ பிடிக்கப்பட்டிருக்கும், கேஸ் நிரப்ப வால்வும் இருக்கும். அவை சர்வீஸ் செய்வதற்காகவே செய்யப்பட்டவை. உங்களுடையது எது என்பதை நீங்கள் எழுதியதிலிருந்து என்னால் சொல்ல முடியாது. ஷாக் உடம்பில் ஒட்டியோ பொறித்தோ இருக்கும் பிராண்டையும் எண்ணையும் படித்துத் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடினால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிரிக்க முடியாத ஷாக்கில் ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, வெல்டிங் வைத்து அடைத்துத் தரும் வேலை நம் ஊரில் நடக்கிறது. உங்களிடம் "சீல் மாற்றிவிடலாம்" என்று சொன்னவர் இதைத்தான் சொல்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்க ஸ்ட்ரட் என்பது ஆட்டத்தை அடக்கும் பொருள் மட்டும் கிடையாது. மெக்ஃபர்சன் அமைப்பில் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதே அதுதான். பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் அந்தக் குழாயும் ராடும் பக்கவாட்டு விசையை வாங்குகின்றன. பின்பக்க ஷாக்கைவிட முன்பக்க ஸ்ட்ரட்டின் ராடு அவ்வளவு தடிமனாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் குழாயில் வெல்டிங் சூட்டை ஏற்றினால் உள்ளே இருக்கும் சீல் வெந்துபோகும், தீப்பொறித் துகள் ஆயிலில் கலக்கும், குழாயின் பலமும் அந்த இடத்தில் மாறிவிடும். கேஸ் அழுத்தத்தில் இருக்கும் மோனோ ட்யூபில் ட்ரில் வைப்பது செய்பவரின் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரியான சர்வீஸ் என்றால் என்னென்ன? ஷாக்கை முழுசாகப் பிரிக்க வேண்டும். ராடு சீல், தூசி சீல், ராடைத் தாங்கும் கைடு புஷ், பிஸ்டனைச் சுற்றியுள்ள பட்டை, ஓ-ரிங்குகள் எல்லாம் புதிதாகப் போக வேண்டும். பிஸ்டன் மேலும் கீழும் அடுக்கியிருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை வரிசை மாறாமல் எடுத்து, வளைவோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷாக்கின் குணமே அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஆயில் தயாரிப்பாளர் சொன்ன தடிப்பில் இருக்க வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் 5டபிள்யூ, 10டபிள்யூ என்ற எண்ணை நம்ப முடியாது, ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 7க்குச் சமமாக இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் தடிப்பை அளக்கும் அலகு) என்று பார்ப்பதுதான் சரி. எஞ்சின் ஆயில் கூடவே கூடாது. கடைசியில் உலர்ந்த நைட்ரஜன் நிரப்ப வேண்டும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் ஈரமும் ஆக்ஸிஜனும் உள்ளே போகும்.

எல்லாம் முடிந்ததும் ஷாக் டைனோ எந்திரத்தில் மாட்டி, எந்த வேகத்தில் எவ்வளவு விசை காட்டுகிறது என்று கிராஃப் எடுத்து, இடது ஷாக்கின் கோட்டையும் வலது ஷாக்கின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கோவையில் இருக்கிறீர்கள், இந்த விஷயத்தில் உங்களுக்கு வசதி உண்டு. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கும் ஊர் அது. ரேஸுக்கு வண்டி தயார் செய்பவர்களிடம் விசாரித்தால் ஷாக் வேலை தெரிந்தவரிடம் உங்களை அனுப்பிவிடுவார்கள். டைனோ இல்லாத இடத்தில் செய்தால், செய்தவருக்கே வேலை சரியாக வந்ததா என்று தெரியாது.

இனி ராடு. இதை நீங்களே பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றி, தூசி மறைக்கும் ரப்பர் உறையை மேலே தூக்கி, ராடைச் சுத்தமான துணியால் துடையுங்கள். கட்டைவிரல் நகத்தை ராடின் நீளவாக்கில், சுற்றிலும், மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்கு ஒரு மிளகின் கால்வாசி அளவுகூட இல்லாத கறுப்புப் புள்ளி தெரியும் இடத்தில் நகம் 'டிக்' என்று தடுக்கினால் குரோம் உரிந்து துரு குழி விழுந்துவிட்டது. ராடில் குரோம் பூச்சு வெறும் 20 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் சீலின் உதட்டை அறுக்கிறது. அங்கே புது சீல் போட்டால் அதுவும் அறுபடும், சில மாதத்தில் மறுபடி அதே கசிவு. "போன தடவைதான் சீல் மாற்றினேன், மறுபடி ஒழுகுகிறது" என்று வருபவர்களின் ராடில் பெரும்பாலும் இந்தக் குழியோ, கழற்றும்போது யாரோ பிளையர் வைத்துப் பிடித்த பல் தடமோ இருக்கும்.

குழி விழுந்த ராடைக் கிரைண்ட் செய்து மறுபடி ஹார்ட் குரோம் ஏற்ற முடியும். ஹைட்ராலிக் சிலிண்டர் வேலை செய்பவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள். ஆனால் ஷாக் ராடுக்கு அளவும் மினுமினுப்பும் மிகத் துல்லியமாக வர வேண்டும், மரைப் பகுதியில் குரோம் ஏறக் கூடாது, ஏற்றிய பிறகு சூட்டில் வைத்து உலோகத்துக்குள் புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். முன்பக்க ஸ்ட்ரட் ராடில் நான் இதை விரும்ப மாட்டேன், புது ராடு கிடைத்தால் மட்டுமே சர்வீஸ் செய்வேன். வேறு கருத்து உள்ள நல்ல ஆட்களும் இருக்கிறார்கள். இது என் தனிப்பட்ட எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஷாக்கை மேஜையில் வைத்தும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். 14 மி.மீ. ராடும் 25 பார் அழுத்தமும் உள்ள மோனோ ட்யூப் என்றால், ராடைக் கேஸ் வெளியே தள்ளும் விசை மட்டும் கிட்டத்தட்ட 39 கிலோ. அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ராடு தானாக ஏறி வர வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் கேஸ் போய்விட்டது. அமுக்குவதிலிருந்து இழுப்பதற்கு மாறும் இடத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் 'சலக்' என்று போனால் ஆயிலில் கேஸ் கலந்துவிட்டது அல்லது ஆயில் குறைந்துவிட்டது. பிரித்து ஊற்றும்போது வரும் ஆயில் சாம்பல் நிறத்தில் மினுங்கும் துகள்களோடு இருந்தால் உள்ளே உலோகம் உரசியிருக்கிறது. அப்போது சீலோடு வேலை முடியாது, குழாயின் உட்சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். கோடு விழுந்திருந்தால் அந்தக் குழாய் குப்பைக்குத்தான்.

சரிசெய்வதற்கும் மொத்தமாக மாற்றுவதற்கும் நடுவே யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. தைவானின் பி.சி. ரேசிங் போன்ற பல செட்டுகளில் ஷாக் கார்ட்ரிட்ஜ் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஸ்பிரிங், கீழ் பிராக்கெட், டாப் மவுன்ட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம். உங்கள் செட்டுக்கு இப்படிக் கிடைக்கிறதென்றால், குழி விழுந்த ராடைப் பற்றிய கவலையே வேண்டாம்.

எதைச் செய்தாலும் முன்பக்கம் இரண்டுக்கும் சேர்த்தே செய்யுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே வயது, ஒரே ரோடு, ஒரே 60,000 கி.மீ. வலது ஷாக் இன்னும் ஒழுகவில்லை என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று ஆகாது. ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால், குண்டும் குழியுமான ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது இரண்டு டயரும் தரையைப் பிடிக்கும் அளவு வேறாக இருக்கும். மழையில் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. பின்பக்கத்தை முன்பக்கத்தோடு சேர்த்தே மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. போலோவில் பின்னால் ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு. கழற்றிச் சோதிப்பதும் எளிது.

இப்போது மூன்றாவது கேள்வி. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பின் சீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்தால் டயர் உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கசிவைச் சரிசெய்தாலும் அது போகாது. அந்த வண்டி இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவதற்காகத் தாழ்த்தப்பட்டிருக்கிறது.

தாழ்த்தும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். சக்கரம் மேல்நோக்கிப் போக 80 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 40 மி.மீ. இறக்கினால் மீதி 40. அதே பள்ளத்தின் அதே அடியைப் பாதி தூரத்தில் வாங்க வேண்டும் என்றால் சராசரி விசை இரண்டு மடங்காக வேண்டும். அதனால்தான் காயிலோவரில் ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது. உங்கள் ஸ்பிரிங்கில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்களைத் துடைத்துப் படியுங்கள். பெரும்பாலும் உள்விட்டம், நீளம், கடினம் என்று மூன்று எண் இருக்கும். ஆசியச் செட்டுகளில் 6 என்று இருந்தால் ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ என்று பொருள். ஐரோப்பியச் செட்டில் அதே கடினத்தை 59 நியூட்டன் என்று போடுவார்கள். இந்த அளவு காரில் கம்பெனி முன் ஸ்பிரிங் சுமார் 2 முதல் 3 கிலோவுக்குள்தான் இருக்கும். ஸ்பிரிங்கின் கடினம் இரண்டு மடங்கானால், அதே மாதிரி அடக்க ஷாக்கின் விசை சுமார் 1.4 மடங்கு வேண்டும். ஆகவே காயிலோவர் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு சாதாரண ஷாக்கைப் போடுவதும், சர்வீஸ் செய்கிறேன் என்று மெல்லிய ஆயிலை ஊற்றுவதும் ஒரே தவறில்தான் போய் முடியும். வண்டி கடினமாகவும் இருக்கும், ஆட்டமும் அடங்காது.

ரோட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இந்திய ரோடு காங்கிரஸின் வழிகாட்டு நெறியில் ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கும்படி இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இருப்பது அப்படியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அடி அகலத்தில் குத்துச்சுவர் மாதிரி போட்ட மேட்டில் தினமும் ஏறி இறங்கும் தாழ்ந்த வண்டியின் ஷாக், பம்ப் ஸ்டாப்பில்தான் பாதி வாழ்க்கையைக் கழிக்கிறது. பம்ப் ஸ்டாப் நொறுங்கிப் போனால் அடி நேராக ஷாக்குக்குள்ளே இறங்கும். புதிதாக சீல் போட்டாலும் அதே உயரம், அதே ரோடு என்றால் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள். கம்பெனி உயரத்தில் ஓடும் சாதாரண ஷாக்குக்கே மன்ரோ போன்ற தயாரிப்பாளர்கள் 80,000 கி.மீ.யில் மாற்றச் சொல்கிறார்கள். தாழ்த்திய வண்டியில் 60,000 ஓடியிருக்கிறது என்றால் அது மோசமான ஆயுள் கிடையாது.

கம்பெனி சஸ்பென்ஷனுக்குத் திரும்புவதென்றால் முதலில் பழைய ஓனருக்கு ஒரு போன் போடுங்கள். காயிலோவர் மாட்டுபவர்கள் பெரும்பாலும் கழற்றிய ஒரிஜினல் செட்டைத் தூக்கிப் போடுவதில்லை, வீட்டுப் பரணிலோ பட்டறை மூலையிலோ கிடக்கும். ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருந்தால் அதை அப்படியே பயன்படுத்தலாம். டாப் மவுன்ட் ரப்பர், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள், ரப்பர் சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும். ஷாக்கையும் நான்காகப் புதிதாகப் போடுவதுதான் நல்லது. போலோ தயாரிப்பு இந்தியாவில் 2022இல் நின்றுவிட்டாலும், அத்தனை வண்டிகள் ரோட்டில் ஓடுவதால் இந்த உருப்படிகள் இன்னும் கிடைக்கின்றன. பழைய உயரமும் வேண்டும், கொஞ்சம் இறுக்கமும் வேண்டும் என்றால், கம்பெனி ஸ்பிரிங்கோடு பில்ஸ்டைன் பி6 வகை ஷாக் ஒரு நல்ல வழி. பி8 என்பது தாழ்த்தும் ஸ்பிரிங்குக்காகக் குட்டையாகச் செய்தது, விற்பவர் மாற்றிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கில் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. முன்பக்க ஜோடியை முறையாக சர்வீஸ் செய்யும் செலவு, அதே தரத்தில் புது முன் ஜோடி வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் சர்வீஸ் வேண்டாம். ஏனென்றால் சர்வீஸ் செய்தாலும் ஸ்பிரிங், டாப் மவுன்ட், உயரம் மாற்றும் வளையங்கள் எல்லாம் பழையவைதான். வளையங்கள் துருவில் இறுகித் திருப்ப வராத நிலையில் இருந்தால் பாதி வரைக்கும்கூட நான் போக மாட்டேன். உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி விலையைவிட முக்கியம். "அந்த ஷாக்குக்கான சீல் கிட் இருக்கா, எந்த எண், பில் தருவீர்களா" என்று கேளுங்கள். "அளவு பார்த்து ஏதாவது சீல் போட்டுக்கலாம்" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஹைட்ராலிக் கடையில் அளவு பார்த்து வாங்கும் சீல், ஷாக் ராடின் வேகத்துக்கும் சூட்டுக்கும் செய்யப்பட்டது கிடையாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டுப் பதிவுச் சான்றிதழில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சஸ்பென்ஷன் மாற்றம் அதில் எவ்வளவு தூரம் சிக்கும் என்பதை வழக்கறிஞர் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முடிவு எடுக்கும் வரை வண்டியை ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். டாப் நட் இறுக்கமாக இருந்து, ஸ்பிரிங் உடையாமல் தட்டில் சரியாக உட்கார்ந்து, டயர் எதிலும் உரசாமல் இருந்தால் ஊருக்குள் மெதுவாக ஓட்டலாம். ஹைவேயும் மழையும் வேண்டாம். பின்னால் ஆள் ஏற்றினால் உரசுகிறது என்கிறீர்கள், அதனால் அது சரியாகும் வரை பின் சீட் காலியாகவே இருக்கட்டும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் பழக்கமில்லை என்றால் ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றிப் பிரிக்கப் போக வேண்டாம், அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும்.

இத்தனையும் வைத்து என் பதில்: லிங்க் ராடு, டாப் மவுன்ட், நட் இவற்றை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் மோனோ ட்யூபாக இருந்து, ராடு சுத்தமாக இருந்து, கிட் கிடைத்து, தாழ்ந்த வண்டிதான் வேண்டும் என்று நீங்கள் மனதார விரும்பினால், முன் ஜோடியை டைனோ கிராஃபோடு சர்வீஸ் செய்யுங்கள், பின் உயரத்தை ஆள் ஏற்றி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள், கடைசியில் அலைன்மென்ட் பாருங்கள். ராடில் குழி இருந்தால் கார்ட்ரிட்ஜ். பிரிக்க முடியாத ட்வின் ட்யூப் என்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். இதுவரை எழுதியதில் வண்டி தாழ்ந்திருப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எங்கேயும் நீங்கள் சொல்லவில்லை. முந்தைய ஓனரின் ஆசைக்குப் போட்ட செட் அது. அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டும் வண்டி என்றால் நான் கம்பெனி உயரத்துக்கே திரும்புவேன், காயிலோவரைக் கழற்றி, கசிவைச் சொல்லி, இருக்கிற நிலையில் விற்றுவிடுவேன். ஷாக் உடம்பில் இருக்கும் எண்ணையும், ஸ்பிரிங்கில் இருக்கும் மூன்று எண்களையும், துடைத்த ராடின் படத்தையும் இங்கே போடுங்கள். எந்த வகை, சர்வீஸுக்குத் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.